ஓடைக்கு எவ்வளவு வெள்ளம் வரும்? குமரி மாவட்டத்து மழைக் கணக்கு

மழைக்காலம் பிறந்துவிட்டால் குமரி மாவட்டப் பத்திரிகைகளில் தினமும் ஒரு பட்டியல் வரும். பாலமோர், சுருளோடு, பூதப்பாண்டி, கன்னிமார், மயிலாடி, கொட்டாரம், ஆனைக்கிடங்கு, தக்கலை, இரணியல், களியல், குழித்துறை என்று ஊர்வாரியாக முந்தின நாள் பெய்த மழை மில்லிமீட்டரில் இருக்கும். கூடவே பேச்சிப்பாறையில் 48 அடிக்கு எத்தனை அடி, பெருஞ்சாணியில் 77 அடிக்கு எத்தனை அடி, உபரிநீர் வினாடிக்கு எத்தனை கன அடி, திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடையா இல்லையா என்பதெல்லாம் வரும். அணைக்கு வரும் தண்ணீருக்கு இப்படி நாள்தோறும் கணக்கு இருக்கிறது. ஆனால் மழை வலுத்தால் முதலில் வீட்டுக்குள் ஏறுவதும், பக்கச்சுவரை இடிப்பதும், கலுங்கை, அதாவது ஓடைமேல் கட்டிய சிறுபாலத்தை, அடித்துக்கொண்டு போவதும் பெரும்பாலும் பெயர்கூட இல்லாத ஓடைகள்தான். அவற்றில் ஓடும் தண்ணீரை யாரும் அளப்பதில்லை. அதனால் மதிப்பிட்டுத்தான் சொல்லவேண்டும்.

அந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பது ஓடைக்கரையில் வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஓடையின் வெள்ளத்தைத் தீர்மானிப்பது பத்திரிகையில் வரும் நாள்மழை இல்லை. அந்த நாளின் மிக மோசமான ஒரு மணி நேரமும், அந்த நேரத்தில் மண் எந்த நிலையில் இருந்தது என்பதும்தான். அதோடு, எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் ஒரே ஒரு விடை கிடைக்காது. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். செலவு குறையும் என்று கீழ் எண்ணை எடுத்துக் கட்டினால் அடுத்த ஐப்பசியிலோ அதற்கடுத்த ஐப்பசியிலோ பதில் கிடைத்துவிடும்.

முதலில் மழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, குமரிக்குத் தென்மேற்கும் கிடைக்கிறது, வடகிழக்கும் கிடைக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் சாகுபடி நடந்ததற்கு இதுதான் அடிப்படை. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் அடர்த்தியாக, நாள் முழுக்க நின்று பெய்யும். வடகிழக்கில் வரும் ஐப்பசி மழை வேறு மாதிரி. மதியத்துக்கு மேல் மலையில் மேகம் கூடி, இடியோடு இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். வங்கக் கடலிலோ குமரிக் கடலிலோ தாழ்வுநிலை வந்து நின்றால் இரண்டும் சேர்ந்த மாதிரி, நாள்கணக்கில் கொட்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலிலும், 2021 நவம்பர் இரண்டாம் வாரத்திலும் பார்த்தது அதைத்தான். 2021-இல் நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றுபோயின.

இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசமும் இங்கே அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஆண்டு முழுவதும் பெய்தாலும் ஆயிரம் மில்லிமீட்டரை எட்டாது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் மலைமேல் போனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே. ஆகவே 'மாவட்டச் சராசரி மழை' என்ற எண்ணை வைத்து எந்த ஓடைக்கும் கணக்குப் போட முடியாது.

ஒரு மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர்தான். 12 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள (மழைநீர் வந்துசேரும் நிலப்பரப்புள்ள) ஒரு ஓடைக்கு ஒரே ஒரு மானி இருக்கிறது என்றால், அதன் வாயைப்போல் 60 கோடி மடங்கு பரப்பில் பெய்த மழையை அந்த ஒரு வாய் சொல்லவேண்டும். மழை அதிகமுள்ள மலைப்பகுதியில் 130 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மானி என்பது இந்தியத் தர அளவு. அதன்படி பார்த்தால் நம் சின்ன ஓடைகள் பலவற்றின் நீர்ப்பிடிப்புக்குள் ஒரு மானிகூட இருக்க வேண்டிய அவசியமில்லை! அதனால் சுற்றியுள்ள மானிகளிலிருந்து கடன் வாங்குகிறோம். வேளிமலையிலிருந்து இறங்கும் ஓடை என்றால் ஆனைக்கிடங்கு, மாம்பழத்துறையாறு, தக்கலை மூன்றையும் எடுப்போம். ஒவ்வொரு மானிக்கும் அதற்குப் பக்கத்தில் உள்ள நிலப்பரப்பின் அளவுக்குத் தக்கபடி பங்கு கொடுத்துச் சராசரி எடுப்பது தீசன் 1911-இல் சொன்ன முறை. கணக்கு எளிது. ஆனால் மானிகள் எல்லாம் அடிவாரத்தில் இருக்கின்றன, அதிக மழையோ முகட்டில் பெய்கிறது. மலை உயரத்தையும் பார்த்து, ஒரே அளவு மழை பெய்த இடங்களைக் கோடு போட்டு இணைத்துச் சராசரி எடுப்பதுதான் குமரிக்குப் பொருத்தம். அதற்குக் கொஞ்சம் அனுபவமும் இடம் தெரிந்த கையும் வேண்டும்.

நேரத்திலும் ஒரு சிக்கல். நம் நாட்டில் மழை அளப்பது காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. அதிகாலை நாலு மணிக்குப் பிடித்த மழை மதியம் வரை பெய்தால் பாதி ஒரு தேதியிலும் மீதி அடுத்த தேதியிலும் போய் விழும். பட்டியலில் பார்த்தால் இரண்டு நாளும் சுமாரான மழை. ஓடைக்கு அது ஒரே மழை. இதைச் சரிக்கட்ட, நாள்மழையின் உச்ச அளவோடு 13 முதல் 15 சதவீதம் வரை கூட்டிக்கொள்வது வழக்கம்.

சரி, இனி கணக்குக்கு வருவோம். வேளிமலைச் சரிவிலிருந்து வயலுக்கு இறங்கும் ஒரு ஓடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நீர்ப்பிடிப்பு 12 சதுர கிலோமீட்டர். மிகத் தூரத்திலிருந்து தண்ணீர் வந்துசேரும் வழி 6 கிலோமீட்டர், அந்த வழியில் இறக்கம் 300 மீட்டர். கலுங்குக்கு எவ்வளவு வெள்ளம் வரும்?

முதல் கேள்வி, மலைமேல் விழுந்த துளி கலுங்குக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது. மழை அந்த நேரம் முழுக்கப் பெய்தால்தான் நீர்ப்பிடிப்பின் எல்லா மூலையிலிருந்தும் தண்ணீர் ஒரே சமயத்தில் கலுங்கில் வந்து கூடும். கிர்பிச் என்பவரின் சூத்திரத்தில் இந்தத் தூரத்தையும் சரிவையும் போட்டால் 50 நிமிடம் வருகிறது. அடிவாரத்து வயல்களில் தண்ணீர் மெதுவாகும் என்பதால் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, இந்த ஓடைக்கு எமன் ஒரு மணி நேர மழை. இருபத்து நாலு மணி நேரம் சீராகப் பெய்த 250 மில்லிமீட்டரை அது தாங்கிவிடும். அதில் நூறு மில்லிமீட்டர் ஒரே மணி நேரத்தில் விழுந்தால் தாங்காது. பேச்சிப்பாறை மாதிரிப் பெரிய நீர்ப்பிடிப்புக்கு இது நேர்மாறு. அதற்கு ஒரு மணி மழை பெரிதில்லை, விடாமல் ஒன்றிரண்டு நாள் பெய்தால்தான் மதகைத் திறக்கவேண்டி வரும். ஒரே நாள் மழையில் அணை அமைதியாக இருக்க, பக்கத்து ஓடை ஊரைப் புரட்டிப்போட்டது எப்படி என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

ஆனால் நம்மிடம் இருப்பது நாள்மழைப் பட்டியல். தானே பதிவு செய்யும் மானி உள்ள இடங்கள் குறைவு. ஆகவே நாள்மழையிலிருந்து ஒரு மணி மழையைக் கணித்தெடுக்கிறோம். இந்திய வானிலைத் துறையின் கனமூல விதிப்படி (நாளில் அந்த நேரத்தின் பங்குக்குக் கனமூலம் எடுத்து நாள்மழையோடு பெருக்குவது), நாள்மழை 250 என்றால் அதன் உச்ச ஒரு மணி நேரம் சுமார் 87 மில்லிமீட்டர். சிறுபாலங்களுக்கான இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டியில் உள்ள விதியைப் போட்டால் 130. இரண்டும் புழக்கத்தில் உள்ள விதிகள்தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் ஐம்பது சதவீத வித்தியாசம்! இன்னும் ஓடைக்கே வரவில்லை, மழையிலேயே இந்த நிலை.

அடுத்தது மண். பெய்த மழை அத்தனையும் ஓடாது. கொஞ்சம் இலையில், கொஞ்சம் குழியில், மீதி மண்ணுக்குள். எவ்வளவு ஓடும் என்று கணிக்க அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950-களில் உருவாக்கிய எண் முறையைத்தான் இங்கேயும் அதிகம் பயன்படுத்துகிறார்கள். நிலத்துக்கு நூறுக்குள் ஒரு எண். எண் கூடக்கூட ஓடும் நீர் கூடும். ரப்பரும் தென்னையும் வயலும் வீடும் கலந்த நம் ஓடைக்கு 70 கொடுப்போம். 250 மில்லிமீட்டர் மழையில் 155 மில்லிமீட்டர் ஓடிவரும். ஆனால் அதே நிலம் காய்ந்து கிடக்கும்போது எண் 51 ஆகும், ஓடுவது 91 மட்டுமே. ஒரு வாரமாக நனைந்து ஊறிக் கிடந்தால் எண் 85, ஓடுவது 203. மழை அதே மழை, நிலமும் அதே நிலம். ஓடும் நீர் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. புரட்டாசிக் கடைசியில் வரும் முதல் பெருமழை பெரும்பாலும் சேதமில்லாமல் போவதற்கும், கார்த்திகையில் அதைவிடக் குறைந்த மழை கரையை உடைப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. தென்மேற்கு முடியுமுன்பே வடகிழக்கு தொடங்கிவிடும் குமரியில், வடிவமைப்புக்கு ஊறிய நிலத்தின் எண்ணை எடுப்பதுதான் நியாயம். சராசரி எண்ணை எடுப்பது திருநெல்வேலிக் கரிசல் பக்கம் சரியாக இருக்கலாம். பத்மநாபபுரத்துக்கு மேற்கே எடுத்தால் ஏமாற்றும்.

இனி உச்ச வெள்ளம். மழைச் செறிவு, பரப்பு, ஓடும் பங்கு மூன்றையும் பெருக்கும் எளிய முறை ஒன்று உண்டு. மழையில் பாதி ஓடும் என்று வைத்து, மணிக்கு 87 மில்லிமீட்டர் செறிவுக்கு நம் ஓடையில் வினாடிக்கு 145 கனமீட்டர் வருகிறது. 130 மில்லிமீட்டரைப் போட்டால் 217. இப்போது ரைவ்ஸ் சூத்திரத்துக்குப் போவோம். சென்னை மாகாணத்து ஏரிகளையும் ஆறுகளையும் பார்த்து 1884-இல் உருவானது. தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் கையில் இன்றைக்கும் புழங்குகிறது. அதில் மழையே கிடையாது, பரப்பு மட்டும்தான். பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்கவேண்டும். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய நிலத்துக்கு 6.8, உள்ளே தள்ளிப்போனால் 8.5, மலையடிவாரத்தில் சிறிய பரப்புக்கு 10.2. நம் ஓடைக்கு 36-இலிருந்து 53 கனமீட்டர் வரை வருகிறது.

கவனித்தீர்களா? ஒரே ஓடைக்கு 36-உம் வரும், 217-உம் வரும், ஆறு மடங்கு. இரண்டு எண்ணையும் புத்தகத்தைக் காட்டி நியாயப்படுத்த முடியும். வேலையின் செலவு மதிப்பீட்டில் எந்த எண் ஏறும் என்பது நிதியைப் பொறுத்தது என்று ஆகிவிட்டால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ரைவ்ஸ் சூத்திரம் பிறந்த காலத்தில் ஓடைக்கு இரண்டு பக்கமும் வயலும் காடும்தான். இன்று வயல் நிரத்தி வீட்டுமனை ஆகியிருக்கிறது, சந்துகூட சிமெண்ட் ரோடாகிவிட்டது, ஓடைக்கு இருபுறமும் பக்கச்சுவர் எழும்பி அகலம் பாதியாகிவிட்டது. மழையைக் கேட்காத, நிலத்தைப் பார்க்காத ஒரு சூத்திரத்துக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. குமரியின் சிறு ஓடைகளுக்கு அதை மட்டும் நம்பிப் பாலம் கட்டக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சமயம் 217-ஐ அப்படியே எடுப்பதும் சரியில்லை. பெருக்கல் முறை மழை முழுப் பரப்பிலும் ஒரே மாதிரி பெய்கிறது, நடுவில் குளம் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. குமரியில் குளம் இல்லாத ஓடை எங்கே இருக்கிறது?

அந்தக் குளங்களின் பங்கைக் கொஞ்சம் பார்ப்போம். பத்து ஹெக்டேர் குளம் ஒன்று, மறுகால் (நிறைந்த தண்ணீர் வழியும் இடம்) மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் தண்ணீர் ஏற இடம் கொடுத்தால் 50,000 கனமீட்டர் வெள்ளத்தைப் பிடித்துவைக்கும். வினாடிக்கு 100 கனமீட்டர் ஓடும் வெள்ளத்தில் அது எட்டு நிமிடத் தண்ணீர்தான். ஒரு குளத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்றின் மறுகால் அடுத்த குளத்துக்கு என்று எட்டுக் குளம் வரிசையாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் தங்கிப் போகும், உச்சம் நன்றாகவே தட்டையாகும். வரிசையில் நடுவில் இரண்டு குளம் மண் மேவி, ஆகாயத்தாமரை மூடி, கரை சுருங்கிப்போனால் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியதைப் பறவைகளுக்காகக் கொண்டாடினோம், நல்லது. பழையாற்று வெள்ளத்தைத் தாங்கும் இடம் என்ற கணக்கிலும் அவற்றைப் பார்க்கவேண்டும்.

சூத்திரங்கள் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது நடுவர் ஒருவர் வேண்டும். அந்த நடுவர் ஓடையேதான். கலுங்கில் நின்று பார்த்தால் முந்தைய வெள்ளம் எங்கே வரை வந்தது என்பதற்கு அடையாளம் இருக்கும்: தென்னை மூட்டில் சிக்கிய சருகு, சுவரில் சேற்றுக் கறை, கரையோரத்துப் பாட்டி கை காட்டும் திண்ணைப் படி. அந்த உயரத்தை எடுத்து, ஓடையின் அகலத்தையும் சரிவையும் அளந்து, ஓடும் நீரைக் கணிக்கும் மானிங் சூத்திரத்தில் போட்டால் அன்று ஓடிய வெள்ளம் கிடைக்கும். நம் ஓடை 15 மீட்டர் அகலம், சரிவு 200-க்கு 1, செடியும் கல்லும் கிடப்பதால் கரடு எண் (தண்ணீரைத் தடுக்கும் அளவு) 0.045 என்று வைப்போம். வெள்ளத்தின் ஆழம் 2.5 மீட்டர் என்றால் வினாடிக்கு 90 கனமீட்டர். மூன்று மீட்டர் என்றால் 117. பார்த்தீர்களா, அடையாளம் அரை மீட்டர் தவறினால் விடை முப்பது சதவீதம் தவறுகிறது. அதனால் ஒரு வீட்டில் மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது; இரண்டு கரையிலும் மேலும் கீழுமாக ஐந்தாறு இடத்தில் அளந்து ஒத்துப்பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்து 90 முதல் 120 வரை என்று கிடைத்தால் ரைவ்ஸ் சொன்ன 53 தவறு என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

100 கனமீட்டர் என்றால் 3,500 கன அடிக்கு மேல். அணையிலிருந்து திறக்கும்போது கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடும் அளவுத் தண்ணீர் அது. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ஒரு சின்ன ஓடை ஒரு மணி நேரத்துக்கு அதைக் கொண்டுவரக்கூடும். ஓடைக்குக் குறுக்கே பாதை போடும்போது பதிக்கும் 1.2 மீட்டர் சிமெண்ட் குழாய் ஒன்று முழுதாக ஓடினாலும் வினாடிக்கு 3 கனமீட்டர்தான் கடத்தும். நாலு குழாய் வைத்தால் 12. மிச்சம் பாதைமேல் ஏறும், அல்லது பாதையை எடுத்துக்கொண்டு போகும்.

'ஐம்பது வருடத்தில் ஒருமுறை வரும் வெள்ளம்' என்ற பேச்சையும் சொல்லிவிடவேண்டும். ஒருமுறை வந்துவிட்டால் இனி ஐம்பது வருடம் கவலையில்லை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அது வருவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்பதுதான் அர்த்தம். அந்த வெள்ளத்துக்குக் கட்டிய கலுங்கு ஐம்பது வருடம் நிற்கும் என்றால், அதற்குள் அதைவிடப் பெரிய வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நூறு வருட வெள்ளத்துக்குக் கட்டினால் அந்த வாய்ப்பு 39 சதவீதமாகக் குறையும், இல்லாமல் போகாது. ஐம்பது வருட வெள்ளம், நூறு வருட வெள்ளம் எவ்வளவு என்பதும் நம் கையிலுள்ள மழைப் பதிவிலிருந்து கணித்தெடுப்பதுதான். 2023 டிசம்பரில் திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு வருடச் சராசரியைவிட அதிகம். அந்த மேகம் தென்மேற்கே தள்ளி நின்றிருந்தால் நாஞ்சில் நாட்டில் பெய்திருக்கும். அருகிலுள்ள வேறொரு மாவட்டத்தில் பெய்த பெருமழையை நம் நீர்ப்பிடிப்பின்மேல் பெய்ததாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது பொறியியலில் ஏற்றுக்கொண்ட முறைதான். பாலத்துக்கு அதை எடுக்க முடியாது, செலவு கட்டுப்படியாகாது. ஆனால் ஆஸ்பத்திரியும் துணைமின்நிலையமும் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று பார்க்க அந்தக் கணக்கு வேண்டும்.

கடலோரத்துக்கு இன்னொரு கணக்கு சேரும். பழையாறு மணக்குடியிலும், வள்ளியாறு கடியபட்டணத்திலும் கடலில் சேருகின்றன. அங்கே பொழியில், அதாவது ஆறு கடலில் சேரும் வாயில், மணல் திட்டு மூடிக்கிடந்தால், மேலே எவ்வளவு சரியாக மதிப்பிட்டிருந்தாலும் கீழே தண்ணீர் தேங்கிப் பின்னோக்கி ஏறும். பொழியை வெட்டிவிடுவது வெள்ளம் வருமுன் நடக்கவேண்டிய வேலை. ஓடையின் கீழ்ப்பகுதியில் கணக்குப் போடுகிறவர் பொழி மூடியிருக்கும் நிலையை வைத்தும் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

உங்கள் ஊர் ஓடையில் புதிதாகக் கலுங்கோ பக்கச்சுவரோ வரப்போகிறது என்றால், அதன் செலவு மதிப்பீட்டில் நீர்வழிக் கணக்கு என்று ஒரு பக்கம் இருக்கவேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் வாங்கலாம். அதில் நீர்ப்பிடிப்பு எத்தனை சதுர கிலோமீட்டர், தண்ணீர் வந்துசேர எத்தனை நிமிடம், ஒரு மணி மழை எவ்வளவு என்று எடுத்தார்கள், ஓடும் பங்கு எவ்வளவு, எத்தனை வருட வெள்ளம், 2021 வெள்ளத்தின் உயரத்தோடு ஒத்துப்பார்த்தார்களா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த உயரத்தை நீங்களே அளந்து, போட்டோவும் தேதியும் சேர்த்து, வேலை தொடங்குமுன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.